தண்ணி: காத்திருத்தலின் உயிரியல், காத்திருத்தலின் அரசியல்

1

எங்கள் குடவாசல் பக்கத்தில் 'தண்ணி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, ஆறு வாய்க்கால் எல்லாம் தாண்டி வயலுக்கு வருவது ஒன்று. கடையில் பாட்டிலில் கிடைப்பது மற்றொன்று. 'தண்ணி இருக்கா?' என்று ஒருவர் கேட்டால், கேட்கிற ஆளையும் நேரத்தையும் வைத்துத்தான் எந்தத் தண்ணி என்று முடிவு பண்ண வேண்டும். தமிழ்நாடு முழுக்க வழங்குகிற சிலேடைதான். ஆனால் ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விடுகிற ஊரில் இதற்கு வேறு கனம் உண்டு. தண்ணீருக்குக் காத்திருந்து செத்த ஒருவனின் பழங்கதையும் எங்கள் ஊரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் சித்தப்பாவுக்குப் பத்து மா குத்தகை நிலம். 2012இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 17இல்தான் திறந்தது. இடைப்பட்ட மூன்று மாதமும் அவர் தினம் காலையில் ஆற்றுப் பாலத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். சாயங்காலம் கடைக்குப் போவார். ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 'காலைல ஆத்தப் பாக்கப் போறேன், சாயங்காலம் கடைக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணுலயாவது தண்ணி இருக்கணுமில்லடா தம்பி' என்றார்.

குடிக்கிறவரின் சாமர்த்தியமான பேச்சு என்றுதான் இதை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூளையின் வெகுமதி அமைப்பைப் பற்றிய ஆய்வுகளை ஓரளவு படித்த பிறகுதான், ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு கண்ட ஒரு விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

மூளை என்று பேச்செடுத்தாலே நம் இயக்க நண்பர்களுக்குச் சங்கடம். 'உயிரியல் தீர்மானவாதம்' என்ற முத்திரை தயாராக இருக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். மண்டையோட்டை அளந்து மனிதர்களைத் தரம்பிரித்த அறிவியலை நாம் மறந்துவிட முடியாது. ஆனால் உடலைப் பற்றிப் பேசாமல் நாம் விலகிக்கொண்டதால் அந்த இடத்தை ஒழுக்கவாதிகள் எடுத்துக்கொண்டார்கள். 'குடிகாரன் மனஉறுதி இல்லாதவன்' என்ற அவர்களுடைய சொல்லாடலுக்கு நம்மிடம் இருக்கும் ஒரே பதில் 'அமைப்புதான் காரணம்' என்பது. அமைப்பு எந்த வழியாக ஒரு மனிதனின் நரம்புக்குள் இறங்குகிறது என்று கேட்டால் நாம் மௌனமாகிவிடுகிறோம். அந்த வழியைக் கொஞ்சம் தேடிப் பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

2

1954இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் ஒரு மின்கம்பியைச் செருகினார்கள். ஒரு நெம்பியை அழுத்தினால் மூளையின் அந்த இடத்தில் மெல்லிய மின்சாரம் பாயும். எலி விடாமல் அழுத்தியது. ஓல்ட்ஸின் பின்னாளைய சோதனைகளில் சில எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தின. 'மூளையில் இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அப்போது சொன்னார்கள். அந்தப் பெயரே பாதித் தவறு என்று பின்னால் தெரிந்தது.

இந்தப் பாதையில் முக்கியமாக வேலைசெய்யும் வேதிப்பொருள் டோபமைன். பத்திரிகைகள் இன்றும் இதை 'இன்ப ரசாயனம்' என்றே எழுதுகின்றன. 1980களின் இறுதியில் கென்ட் பெரிட்ஜும் சக ஆய்வாளர்களும் எலிகளின் மூளையிலிருந்து டோபமைனை ஏறக்குறைய முழுக்க நீக்கிப் பார்த்தார்கள். வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அந்த எலிகள் முன்போலவே நாக்கைச் சப்புக்கொட்டின. ருசி போகவில்லை. ஆனால் எதிரில் இருக்கும் இரையை எடுத்துத் தின்ன அவை நகரவில்லை. விட்டால் பட்டினியில் செத்திருக்கும். ஆகப் பிடித்தம் வேறு, நாட்டம் வேறு. டோபமைன் நாட்டத்தின் பக்கம் நிற்கிறது. பிடிக்காத ஒன்றையும் மூளை நாடிக்கொண்டே இருக்க முடியும். 'சனியன், தொண்டையெல்லாம் எரியுது' என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது குவார்ட்டரைத் திறக்கிறவரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் பாசாங்கு செய்யவில்லை.

அடுத்த அடி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸுடையது. குரங்குக்கு ஒரு விளக்கைக் காட்டி, சற்றுப் பொறுத்து வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விடுகிறார்கள். முதலில் சாறு விழும்போது டோபமைன் அணுக்கள் துடிக்கின்றன. பழகிய பிறகு விளக்கைக் கண்டதுமே துடிக்கின்றன. சாறு வரும்போது சலனமில்லை. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். விளக்கு எரிகிறது, சாறு வரவில்லை. வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் அணுக்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுகிறது. 1997இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு மூவரும் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். மூளை வெகுமதியை அளக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. 2003இல் இன்னொன்றும் தெரிந்தது. சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றால், விளக்கு எரிந்ததிலிருந்து முடிவு தெரியும் கணம்வரை அணுக்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. நிச்சயமின்மையே ஒரு முறுக்கு.

குரங்கின் காத்திருப்பு சில விநாடி. சித்தப்பாவின் காத்திருப்பு மூன்று மாதம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நேராகப் பாலம் போட்டுவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஜூன் 12 என்பது டெல்டாவில் வெறும் தேதியல்ல. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு மூன்று தலைமுறை உடம்புகள் அந்தத் தேதிக்குப் பழகியிருக்கின்றன. விதைநெல் எடுப்பது, நகை அடகு வைப்பது, குத்தகை பேசுவது எல்லாம் அதை ஒட்டித்தான். 2012இலிருந்து 2019வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் தண்ணீர் திறக்கவில்லை. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. நடுவர் மன்றம், உச்சநீதிமன்றம், இடைக்கால உத்தரவு, சீராய்வு மனு என்று ஒவ்வொரு வாரமும் டீக்கடைப் பேப்பரில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சாறு மட்டும் வரவில்லை.

3

இங்கேதான் நெருக்கடி உள்ளே வருகிறது. 'ஸ்ட்ரெஸ்' என்பது உலோகத்தின் மீது ஏறும் பாரத்தைக் குறிக்கும் பொறியியல் சொல். ஹான்ஸ் செல்யே 1936இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு குறிப்பில், குளிரோ காயமோ நஞ்சோ எதுவானாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதைச் சொன்னார்: அட்ரீனல் சுரப்பி பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் விழுகிறது. பிற்பாடு இதற்கு ஸ்ட்ரெஸ் என்ற பெயர் நிலைத்தது. தமிழில் 'மன அழுத்தம்' என்று ஆக்கினோம். அழுத்துகிறவர் யார் என்ற கேள்வி மொழிபெயர்ப்பில் நழுவிவிட்டது. அழுத்தம் மனதிலேயே ஊறுகிற ஒன்று போல ஆகிவிட்டது.

குறுகிய நெருக்கடி கெட்டதல்ல. மடை உடைந்துவிட்டது என்று கேட்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேகத்தை அட்ரீனலினும் கார்ட்டிசாலும்தான் தருகின்றன. அந்நேரம் வெகுமதி அமைப்பும் கூடவே விழித்துக்கொள்கிறது. மடையை அடைத்துவிட்டு வந்து உட்காரும்போது ஒரு நிறைவு வருகிறதே, அது அதனுடைய வேலை. நீண்ட நெருக்கடியில், அதுவும் தன்னால் எதுவும் செய்ய முடியாத நெருக்கடியில், கதை தலைகீழாகிறது. 2012இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. நெருக்கடியின்போது மூளையில் சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற பொருள், சாதாரண சுண்டெலியின் வெகுமதி மையத்தில் டோபமைனைக் கூட்டுகிறது. புதியதைத் தேடிப் போகிற உற்சாகத்தைத் தருகிறது. ஆனால் இரண்டு நாள், வெளியேற வழியில்லாத தண்ணீரில் நீந்தவிட்ட சுண்டெலிகளில் அதே பொருள் டோபமைனைக் கூட்டவில்லை. தேட வைத்த பொருளே அருவருத்து விலக வைத்தது. இந்த மாற்றம் 90 நாட்களாவது நீடித்தது. ஏறக்குறைய ஒரு குறுவைப் பயிரின் வயசு.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஊரில் 'எதுலயும் மனசு ஒட்டாம கெடக்குறான்' என்பார்கள். சந்தோஷம் குறைந்தது என்பதோடு இது முடிவதில்லை. எதையாவது நாடிப் போகிற சக்தியே மங்கிவிடுகிறது. இந்த நிலையில் மது என்ன செய்கிறது? சற்று நேரத்துக்குப் பதற்றத்தைத் தணிக்கிறது. மங்கிய டோபமைனைக் கொஞ்சம் தூண்டிவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது சொன்ன நேரத்தில் வருகிறது. காசு கொடுத்தால் பாட்டில், பாட்டில் உள்ளே போனால் அரைமணியில் இளக்கம். சித்தப்பாவின் வாழ்க்கையில் கணக்குத் தப்பாத ஒரே வெகுமதி அதுதான்.

இதற்கு விலை உண்டு. ஜார்ஜ் கூப், மிஷேல் லெ மோல் இருவரும் 1997இலிருந்து எழுதிவருவது இந்த விலையைப் பற்றித்தான். தொடர்ந்து குடிக்கக் குடிக்க மூளை சமன்செய்யப் பார்க்கிறது. தன்னுடைய இயல்பு மட்டத்தையே கீழே இறக்கிக்கொள்கிறது. போதை இறங்கும்போது அதே நெருக்கடி வேதிப்பொருள்கள் முன்னிலும் அதிகமாகச் சுரக்கின்றன. முதலில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குப் போகக் குடித்தவர், பிறகு மைனஸ் பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரக் குடிக்கிறார். 'குடிச்சாத்தான் நான் சாதாரண மனுஷன்' என்று ஒருவர் சொல்வது வசனமில்லை, அளவை. நெருக்கடியைச் சமாளிக்கப் பிடித்த வழியே நெருக்கடியை உற்பத்தி செய்கிறது.

4

தனிமனித உடலின் இந்தச் சுழலில் அரசு எங்கே நிற்கிறது? 1983இல் தொடங்கிய டாஸ்மாக் முதலில் மொத்த விற்பனை நிறுவனம். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதே 2003இன் ஜனவரியில்தான் தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு தடைசெய்யப்பட்டது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 'வருமா வராதா' என்ற முறுக்கை விற்கும் கடை மூடப்பட்டது. 'நிச்சயம் வரும்' என்ற இளக்கத்தை விற்கும் கடை அரசுடைமையானது. 2023-24இல் மதுவின் மூலம் கலால் வரியும் மதிப்புக்கூட்டு வரியுமாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

ஆற்றில் வரும் தண்ணிக்குத் தேதி இல்லை. கொள்முதலுக்குக் கொட்டிவைத்த நெல்லுக்குத் தேதி இல்லை. கூலிக்கும் நிவாரணத்துக்கும் தேதி இல்லை. கடைக்கு மட்டும் மத்தியானம் 12 மணி என்று தேதியும் நேரமும் உண்டு. ஒரு மக்கள் கூட்டத்தின் கணிப்புகளையெல்லாம் தவிடுபொடியாக்கிவிட்டு, கணிக்கத்தக்க ஒரே ஒரு பொருளை அவர்கள் கையில் கொடுத்தால், அவர்கள் அதை நாடுவதை மனஉறுதிக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

5

நெருக்கடி என்பது வலியின் அளவு மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மனும் 1960களில் நாய்களிடம் தொடங்கி, மேயர் பிற்பாடு எலிகளிடம் விரிவாகச் செய்தது. இரண்டு எலிகள், ஒரே மின்சுற்று. ஒன்றின் முன்னால் ஒரு சக்கரம் இருக்கிறது; அது சுற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நின்றுவிடும். ஆக இரண்டும் வாங்கும் அதிர்ச்சி இம்மியளவும் வித்தியாசமில்லை. ஆனால் பிறகு சோதித்தால், சக்கரம் இருந்த எலி தேறிவிடுகிறது. சக்கரம் இல்லாத எலி, தப்பிக்க வழி திறந்திருந்தாலும் முயல்வதில்லை.

1967இல் இதற்கு வைத்த பெயரை, புறநானூறு நமக்குத் தந்த சொல்லை எடுத்துக் 'கற்ற கையறுநிலை' என்று சொல்லலாம். சுவாரசியம் என்னவென்றால், ஐம்பது ஆண்டு கழித்து 2016இல் இதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே கவிழ்த்துப் போட்டார்கள். கையறுநிலையை யாரும் கற்பதில்லை; நீண்ட துன்பத்துக்கு மூளையின் இயல்பான எதிர்வினையே அதுதான். கற்பது பிடிமானத்தைத்தான். 'இது என் கையில் இருக்கிறது' என்பதை முன்மூளையின் ஒரு பகுதி கண்டுகொள்ளும்போது, அது கீழே உள்ள அந்த முடக்கத்தை அடக்குகிறது. ஒருமுறை கற்ற பிடிமானம் அடுத்த துன்பத்திலும் உதவுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு எலி ஞாபகத்தில் நிற்கவில்லை. கீழத்தஞ்சைதான் நின்றது. பெரும்பாலும் தலித்துகளான பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த வயல்கள் இவை. 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் வந்து சங்கம் கட்டினார்கள். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட்டன. கூடுதலாகக் கிடைத்த நெல்லை மரக்காலில் அளந்தால் பெரிசாக ஒன்றும் இருக்காது. வெயில் அதே வெயில், சேறு அதே சேறு. ஆனால் அதிர்ச்சியை நிறுத்தும் சக்கரம் கைக்கு வந்தது. சவுக்கடியையும் ஆய்வுக்கூட மின்சாரத்தையும் ஒப்பிடுவது எனக்கே உறுத்துகிறது. எலிக்குச் சக்கரத்தை ஆய்வாளர் கொடுத்தார். பண்ணையாட்கள் அதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதைப் பிடித்த கைகளுக்கு என்ன நேரும் என்பதை 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்கள் சொல்கின்றன.

இன்னொரு சான்று நம் காலத்தது. பொருளியலாளர் ஃபிராங்க் ஷில்பாக் சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்களோடு மூன்று வாரம் ஒரு ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார். குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாட்டில் அவர்களுடைய சேமிப்பு ஏறக்குறைய பாதியளவு உயர்ந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நிபந்தனையில்லாத பணம், குடிக்காமல் வந்தால்தான் பணம் என்று இரண்டையும் முன்னால் வைத்தபோது, நிபந்தனை உள்ளதால் ஒரு காசும் அதிக லாபமில்லை என்ற நிலையிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கேட்டது பிடிமானம். மனஉறுதி இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

6

என் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை வாசகர்கள் இந்நேரம் கண்டிருப்பார்கள். சித்திக்கும் அதே வறட்சி, அதே கடன். போதாததற்கு வாராவாரம் குழுக்கடன் தவணை. அவர் குடிக்கவில்லையே? கேட்டேன். 'நானும் கடைக்குப் போயிட்டா அடுப்ப யாரு பத்தவைப்பா?' என்றார்.

வெகுமதி அமைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நெருக்கடி எந்த மடை வழியாக வடியலாம் என்பதை அந்த அமைப்பு தீர்மானிக்கவில்லை. குடும்பமும் சாதியும் பால்பேதமும் தீர்மானிக்கின்றன. ஆண் கடைத்தெருவில் விழுந்து கிடக்கலாம். பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்டது வெற்றிலையோடு மடக்கிய கொஞ்சம் புகையிலை, ஆடி மாதச் சாமியாட்டம், இல்லையென்றால் வலி. 'தீராத வயிற்றுவலி' என்று பத்திரிகைச் செய்திகள் பெண்களின் சாவுக்கு எழுதும் காரணத்தை நாம் எவ்வளவு சுலபமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்! முன்பு நடவு வயலில் இருபது பேர் வரிசையாகக் குனிந்து, ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற ஏற்பாடு இருந்தது. அதை ரொமாண்டிக் ஆக்க நான் தயாரில்லை. இடுப்பு ஒடிகிற வேலை அது. ஆனால் துக்கத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் கூலியைச் சேர்ந்து கேட்கவும் அந்த வரிசை ஒரு இடமாக இருந்தது. நடவு இயந்திரம் வந்தபோது குனிவு போனது, கூலி போனது, வரிசையும் போனது.

கடைகளை மூடச் சொல்லிப் போராடும் பெண்களோடு எனக்கு எந்த முரண்பாடும் இல்லை. அவர்கள் சக்கரத்தைத் தேடிப் பிடித்தவர்கள். ஆனால் இயக்க நண்பர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கூட்டம் போட்டு மாலை போட்டுச் சபதம் வாங்குவது ஆபத்து. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் பேதலிக்கலாம், உயிரே போகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதற்கு மருந்துகள் உண்டு. மற்றொன்று, கடையை மூடுவது காத்திருப்பை மூடிவிடாது. நெல்லுக்குப் பணம் வரும் நாள், ஆற்றில் முறை வரும் நாள், கூலி நாள் இவற்றை நிச்சயப்படுத்தச் சொல்லும் போராட்டமும் ஒரு மனநலப் போராட்டம்தான்.

7

பழங்கதைக்கு வருகிறேன். புறநானூற்றின் 74ஆம் பாட்டோடு ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். கேட்டபோது கிடைக்கவில்லை, காலம் தாழ்த்திக் கிடைத்தது. கையில் வாங்கிவைத்துக்கொண்டு, குடிக்காமல், பாட்டைச் சொல்லிச் செத்தான். அந்தக் குடவாயில் இந்தக் குடவாசல்தான் என்பது இங்கே வழக்கு. அதே செங்கணான் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது.

தமிழ் வாத்தியார்கள் இதை மானத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. அவன் உடம்பின் ஒவ்வொரு அணுவும் அந்தத் தண்ணீரை நாடியிருக்கும். அவன் மறுத்தது, தன் தாகத்துக்கு நேரம் குறிக்கும் அதிகாரத்தை. கையில் மிச்சமிருந்த ஒரே சக்கரத்தை அவன் சுற்றினான். ஆனால் அவன் அரசன். தனி ஆளாகச் செத்துக் காவியமாகலாம். பத்து மா குத்தகைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. தாமதமாக வந்தாலும் தண்ணீரை வாங்கிப் பாய்ச்சித்தான் ஆகவேண்டும். மறுப்பை அவரிடம் எதிர்பார்ப்பது நம்முடைய இலக்கிய ஆசை.

எட்டு ஆண்டு கழித்து 2020இல் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்தது. எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்த அன்று சித்தப்பா கடைக்குப் போகாமல் இல்லை, போனார். ஆனால் அரைமணியில் திரும்பிவிட்டார். 'ராத்திரி மட மாத்தணும்டா' என்றார். 2024இல் மறுபடி ஜூலை 28. அந்த ஜூன் மாசத்தில் ஒருநாள் பாலத்தில் அவரோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே மணல். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: 'வருதோ வரலியோ, அது வேற. என்னிக்கின்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்டா. அதுக்குத் தக்கன மனச வச்சுக்குவோம்ல.'